‘கொள்ளைநோய் சமுதாயத்தை மாற்றியது’: இந்த ஒரு வரி போதுமா?
(14ஆம் நூற்றாண்டு மதுரைச் சான்றுகள் – ஒரு திறனாய்வு)



‘நடுக்காலச் சமுதாயத்தைக் கொள்ளைநோயும் மதப்போர்களும் எவ்வாறு மாற்றின?’ இந்தக் கேள்வியைப் படிவம் ஆறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். வரும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான். 1347இல் கறுப்பு மரணம் ஐரோப்பாவுக்கு வந்தது, மக்கள்தொகை குறைந்தது, ஆள் கிடைக்காததால் கூலி உயர்ந்தது, பண்ணையடிமை முறை தளர்ந்தது. பிறகு சிலுவைப் போர் பற்றி நாலு வரி. முடிவுரை. அவ்வளவுதான்.

கருத்துகளில் பிழை இல்லை. ஆனால் படித்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எப்படி? நோய் வந்தால் கூலி தானாக உயர்ந்துவிடுமா? போர் நடந்தால் சமுதாயம் தானாக மாறிவிடுமா?

ஐரோப்பா தூரம் என்பதால்தான் இப்படி மேலோட்டமாக எழுதுகிறார்களோ என்று நினைத்து, ஒரு வகுப்பில் 14ஆம் நூற்றாண்டு மதுரையை எடுத்துக்கொண்டேன். அங்கேயும் கொள்ளைநோய் உண்டு, போரும் உண்டு. பாதிப் பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: “அப்போ இருந்தே அவங்க நம்ம கோயிலை இடிச்சவங்கதானே, சார்?” கேட்ட பையன் மாலையில் பந்து விளையாடுவது மலாய் நண்பர்களோடுதான். அவன் மனத்தில் பகை இல்லை. பாடத்திலிருந்து அவனுக்குக் கிடைத்த முடிவு அது. அப்படியென்றால் பாடம் நடத்திய விதத்தில் ஏதோ குறை. இந்தக் கட்டுரை அந்தக் குறையைச் சரிசெய்யும் முயற்சி. அவன் சொன்ன ‘அவங்க’ யார் என்று மூன்று நூல்களையும் சில கல்வெட்டுகளையும் கேட்டுப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

முதலில் வரிசையைப் பிடித்துக்கொள்வோம். மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப் பின் அவன் மகன்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே, 1311இல், அலாவுதீன் கில்ஜியின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்து கொள்ளையடித்துத் திரும்பினான். 1323இல் டெல்லிப் படை மறுபடி வந்தது. இம்முறை பாண்டிய நாடு டெல்லியின் ஒரு மாகாணமாகியது. பெயர் மாபார். 1335 வாக்கில் அங்கே ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அஹ்சன் டெல்லியை உதறிவிட்டுத் தானே சுல்தான் என்றான். அதுதான் மதுரை சுல்தானகம். 1371 வாக்கில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரையைப் பிடித்தான். அந்த நூற்றாண்டு முடியுமுன் சுல்தானகம் மறைந்தது.

இந்தக் கதையில் கொள்ளைநோய் இரண்டு இடத்தில் வருகிறது. அஹ்சனை அடக்க முகமது பின் துக்ளக் தானே தெற்கு நோக்கிப் புறப்பட்டான். வாரங்கல் பக்கம் வந்தபோது படையில் கொள்ளைநோய் பரவியது. படையின் பெரும்பகுதி அழிந்தது, மன்னனும் நோயுற்றான், திரும்பிப் போனான். அதன்பின் டெல்லியால் மதுரையை மீட்கவே முடியவில்லை. இரண்டாவது நோய் 1344 வாக்கில் மதுரை நகருக்குள்ளேயே வந்தது. இதற்கு நேரில் கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார்.

முதல் சான்று: இப்னு பதூதா

சமுத்திரா பாசாய்க்கு வந்த மொரோக்கோ பயணி என்று நம் மாணவர்களுக்கு இவரைத் தெரியும். நம் மலாக்கா நீரிணைப் பக்கம் வருவதற்கு ஓரிரு ஆண்டு முன்னால் இவர் மதுரையில் இருந்தார்.

மதுரையில் நோய் கண்டவர் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள் என்கிறார். நல்ல உடல்நலம் என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப்பெண்ணை வாங்குகிறார். மறுநாள் அவள் இல்லை. தன் சிறுவனோடு உதவி கேட்டு வந்த ஒரு தாய், அடுத்த நாள் அதே பிள்ளைக்குக் கோடித்துணி கேட்டு வருகிறாள். அரண்மனை வேலைக்காக நெல் குத்தக் கொண்டுவந்த பெண்கள் கூட்டமாக மடிவதைப் பார்க்கிறார். சுல்தான் கியாசுதீனின் ஒரே மகன் இறக்கிறான், தாய் இறக்கிறாள், பிறகு சுல்தானும் இறக்கிறான். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாக எழுதுகிறார்.

இந்த நூலின் பலம் இப்படிப்பட்ட சின்ன விவரங்கள். அந்த நெல் குத்தும் பெண்களைப் பாருங்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் ‘சமுதாயம்’ என்று நாம் விடைத்தாளில் எழுதும் சொல்லுக்குள் இருப்பவர்கள் அவர்கள்தாம். சுல்தான் நகரை விட்டு ஆற்றங்கரைக்குப் போய்க் கூடாரம் அடிக்க முடிந்தது. நெல் குத்துகிறவள் எங்கே போவாள்?

பலவீனமும் உண்டு. இந்த நூல் பல ஆண்டு கழித்து, 1355இல், நினைவிலிருந்து சொல்லி இன்னொருவர் எழுதியது. தவிர, இவர் மதுரைக்கு வெறும் வழிப்போக்கர் அல்லர். அஹ்சனின் மகளை மணந்தவர். கியாசுதீனுக்குச் சகலை முறை. மாலத்தீவைப் படையெடுத்துப் பிடிக்கலாம் என்று சுல்தானோடு திட்டம் போட்டவர். அரண்மனை விருந்தாளி கண்ட மதுரைதான் நமக்குக் கிடைக்கிறது. சேரியில் என்ன நடந்தது என்று அவர் போய்ப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. பிடிபட்ட கிராமத்து மக்களைக் கியாசுதீன் கழுவேற்றியதையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் இவர் மறைக்கவில்லை. இப்படி ஒரு கொடுமையை எந்த அரசனிடமும் கண்டதில்லை என்கிறார். அதனால்தான் இறைவன் அவன் ஆயுளைச் சுருக்கினான் என்றும் சொல்கிறார். எழுதுகிறவர் முஸ்லிம் நீதிபதி, சுல்தானின் உறவு. இருந்தும் கண்டிக்கிறார். இப்போது அந்தப் பையனின் ‘அவங்க’ளில் இவரை எந்தப் பக்கம் சேர்ப்பது?

இரண்டாம் சான்று: மதுரா விஜயம்

எழுதியவர் கங்காதேவி, குமார கம்பணனின் மனைவி. வடமொழிக் காப்பியம். முழுதாகக் கிடைக்கவில்லை. ஓலைச்சுவடி 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. கணவனின் வெற்றியை மனைவி பாடியது என்ற ஒன்றே போதும், இதை அப்படியே வரலாறாக எடுக்கக்கூடாது என்பதற்கு. தலைவன் எப்போதும் வீரன், எதிரி எப்போதும் கொடியவன். காப்பிய இலக்கணமே அப்படித்தான்.

பாழடைந்த மதுரையை இவர் காட்டும் பகுதி புகழ்பெற்றது. மத்தளம் ஒலித்த கோயிலில் நரி ஊளையிடுகிறது. தென்னைகள் நின்ற இடத்தில் மண்டையோடு தொங்கும் கழுமரங்கள் நிற்கின்றன. மிகைப்படுத்தல் என்று தள்ளிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். கழுமரத்தை எதிர்த்தரப்பில் இருந்த இப்னு பதூதாவும் பார்த்திருக்கிறார். ஒருவர் நூலை மற்றவர் படித்திருக்க வாய்ப்பே இல்லை. இரண்டு எதிர்த்தரப்புச் சான்றுகள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதற்கு எடை அதிகம். மாணவர்களே, சான்றுகளை ஒப்பிடும் கேள்வி வந்தால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

அதே காப்பியத்தில் பலர் கவனிக்காத இன்னொன்று. கம்பணனின் முதல் போர் மதுரையில் நடக்கவில்லை. தொண்டை மண்டலத்தை ஆண்ட சம்புவராயரை வென்ற பிறகுதான் அவன் தெற்கே வருகிறான். சம்புவராயர் தமிழர், இந்து. ‘இந்து சமயத்தைக் காக்கப் புறப்பட்ட படை’ என்று மட்டும் எழுதினால் இந்த முதல் போரை எங்கே வைப்பீர்கள்? நாடு பிடிப்பதும் வரி வசூலும் அந்தப் படையெடுப்பின் பாதி. மதம் மறுபாதி என்றாலும், முழுதும் அதுவே இல்லை.

மூன்றாம் சான்று: கோயிலொழுகு

திருவரங்கம் கோயிலின் நடைமுறைகளையும் வரலாற்றையும் தலைமுறை தலைமுறையாகப் பலர் எழுதிச் சேர்த்த நூல் இது. ஆண்டுக் கணக்கு பல இடங்களில் குழம்புகிறது. ஆனால் ஒரு சமுதாயம் தன் துயரத்தை எப்படி நினைவில் வைத்தது என்று அறிய இதுதான் முதல் நூல்.

படை வருகிறது என்றதும் உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். முதியவரான பிள்ளை லோகாசாரியர் வழியில், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர் விடுகிறார். திருமேனி கேரளம், மேல்கோட்டை, திருமலை என்று சுற்றுகிறது. பல ஆண்டு கழித்து, 1371இல், செஞ்சியிலிருந்த விஜயநகர அதிகாரி கோபணாரியர் அதைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். இந்தக் கடைசிச் செய்திக்கு அரங்கத்திலேயே கல்வெட்டு இருக்கிறது. கோயிலில் நடந்த கொலையும் கொள்ளையும் கற்பனை இல்லை. அதைப் பூசி மெழுகக்கூடாது.

ஆனால் அதே கோயில் இன்னொரு கதையையும் வைத்திருக்கிறது. டெல்லி சுல்தானின் மகள் அரங்கன் மேல் காதல் கொண்டு, அவரைத் தேடி வந்து உயிர் நீத்தாள் என்பது அந்தக் கதை. துலுக்க நாச்சியார் என்று பெயர். அவளுக்குக் கோயிலுக்குள் சந்நிதி உண்டு. ரொட்டி படைக்கிறார்கள், பெருமாளுக்குக் கைலி சாத்துகிறார்கள். இளவரசி உண்மையில் இருந்தாளா என்பது வேறு கேள்வி. அடிபட்ட கோயில், அடித்தவன் வீட்டுப் பெண் ஒருத்தியைத் தன் நாச்சியாராக ஏற்றுக்கொண்டது. இது நம் கண்முன் இருக்கும் உண்மை. போர் ஒரு சமுதாயத்தில் பகையை மட்டும் விட்டுப் போவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

‘மதப்போர்’ என்ற சொல் எவ்வளவு தாங்கும்?

மூன்றையும் அருகருகே வைத்தால் அந்தச் சொல் ஆட்டம் காண்கிறது. குலசேகர பாண்டியனின் அமைச்சர்களில் ஒருவர் தகியுதீன் என்ற அரபு முஸ்லிம். குதிரை வணிகத்தோடு தொடர்புடையவர். சமயபுரம் அருகே கண்ணனூரில் 1342 வாக்கில் மதுரை சுல்தானோடு மோதியவர் முதியவரான ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர். அவர் படையில் 20,000 முஸ்லிம் வீரர்கள் இருந்ததாக இப்னு பதூதாவே கணக்குச் சொல்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், ஆனால் இருந்தார்கள் என்பதை அவர் ஏன் கற்பனை செய்யப்போகிறார்? வல்லாளர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவர் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை நேரில் கண்டதாக எழுதுகிறார்.

“அப்போ மதத்துக்குப் பங்கே இல்லையா, சார்?” என்று கேட்பீர்கள். உண்டு. எந்தக் கட்டடத்தைத் தாக்குவது, வெற்றியை எப்படிப் பாடுவது, யாரை எதிரி என்று பெயரிடுவது, இதையெல்லாம் மதம் தீர்மானித்தது. ஆனால் கோயில்தான் அன்றைக்குப் பொன் இருந்த இடம், அரசனின் மதிப்பு இருந்த இடமும் அதுவே. படையை நகர்த்தியதில் பொன்னுக்கும் வரிக்கும் உள்ள பங்கை விட்டுவிட்டு மதத்தை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும்.

நோய் எதைத் தீர்மானித்தது?

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். துக்ளக்கின் படையை நோய் அழித்தது, தென்னாடு கைவிட்டுப் போனது. உண்மைதான். ஆனால் அந்தப் பேரரசு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றியது, செம்பு நாணயம் விட்டுக் கருவூலத்தைக் காலி செய்தது, தொலைதூர ஆளுநர்களை நம்பியிருந்தது, இவையெல்லாம் நோய்க்கு முந்தியவை. நோய் கடைசித் தள்ளு. அடித்தளக் காரணம் வேறு, உடனடிக் காரணம் வேறு. விடைத்தாளில் இந்த இரண்டையும் பிரித்து எழுதுகிறவரே நல்ல மாணவர்.

ஒரே நோய் எல்லா ஊரிலும் ஒரே மாற்றத்தைத் தரவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1348இல் கறுப்பு மரணம் டமாஸ்கஸை அடைந்தபோது இப்னு பதூதா அங்கே இருந்தார். ஊர் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் மறைநூலை ஏந்தி ஒன்றாக நடந்து மன்றாடியதை எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், ஐரோப்பாவின் ஸ்ட்ராஸ்பூர்க்கில், யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தியில் அவர்களை உயிரோடு எரித்தார்கள். நோய் அந்த ஊருக்கு அப்போது இன்னும் வந்து சேரவே இல்லை! யூதர்களிடம் வாங்கியிருந்த கடன்கள் அத்தோடு தள்ளுபடியாயின. ஒரே நோய், இரண்டு ஊர், இரண்டு நடத்தை.

கூலிக் கதையும் அப்படியே. இங்கிலாந்தில் ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. உடனே 1351இல் பழைய கூலிக்கே வேலை செய்யவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உழைப்பாளிகள் பணியவில்லை. தலைவரியும் சேர்ந்துகொள்ள, 1381இல் கிளர்ச்சி வெடித்தது. எகிப்திலோ ஆள் குறைந்தபோது மிஞ்சிய உழவர்களை அதிகாரிகள் மேலும் பிழிந்தார்கள். வாய்க்கால்களைப் பராமரிக்க ஆளின்றி விளைச்சல் சரிந்தது. எனவே ‘கொள்ளைநோயால் கூலி உயர்ந்தது’ என்று பொதுவாக எழுதாதீர்கள். எங்கே, யார் போராடியதால், யார் தடுத்தும், என்று எழுதுங்கள்.

கல்வெட்டு சொல்வது

தமிழ்நாட்டில் இந்த மாற்றங்கள் எங்கே போய் முடிந்தன? விஜயநகர ஆட்சியோடு படைத்தலைவர்கள் வந்தார்கள், தெலுங்கு, கன்னடக் குடிகள் வந்து குடியேறினார்கள், புதிய வரிகள் வந்தன. கோயில் வழிபாடு மீண்டது. ஆனால் உழுகிறவன் நிலை?

1429ஆம் ஆண்டின் சில கல்வெட்டுகள் காவிரிப் படுகையில், திருவைகாவூர் போன்ற ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமா இவற்றை விரிவாக ஆராய்ந்தார். அரசு அதிகாரிகளும் நிலக்காணி பெற்ற பிராமணர், வெள்ளாளரும் சேர்ந்து வரியால் வருத்துகிறார்கள் என்று, எப்போதும் எதிரெதிரே நின்ற வலங்கை 98 சாதியினரும் இடங்கை 98 சாதியினரும் ஒன்று கூடினார்கள். இன்ன நிலத்துக்கு இன்ன வரி, அதற்கு மேல் தரமாட்டோம் என்று தாங்களே முடிவு செய்து கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள்.

கவனியுங்கள்: ஆண்டவர் இந்து, எதிர்த்தவர் இந்து, எழுதிய இடம் கோயில். மதுரை சுல்தானகம் முடிந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அரசனின் மதம் மாறியதால் உழவனின் பாரம் இறங்கிவிடவில்லை. சமுதாயத்தின் அடிமட்டத்தில் மாற்றம் வந்தது என்றால் அவர்கள் சேர்ந்து நின்றதால் வந்தது. இங்கிலாந்தின் 1381ஐயும் காவிரியின் 1429ஐயும் ஒரே விடையில் ஒப்பிட்டு எழுதும் மாணவருக்கு நான் தயங்காமல் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

தேர்வுக்கு ஒரு மாதிரிப் பத்தி

“1335 வாக்கில் துக்ளக் படையைத் தாக்கிய கொள்ளைநோய் தென்னாட்டில் டெல்லியின் ஆட்சி முடிவதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது. எனினும், கருவூல நெருக்கடியும் ஆளுநர்களின் தன்னிச்சைப் போக்குமே அடித்தளக் காரணங்கள். தொடர்ந்த போர்களில் மதம் முக்கியப் பங்கு வகித்தது. ஆனால் வல்லாளர் படையில் முஸ்லிம்கள் இருந்ததும், கம்பணன் முதலில் சம்புவராயரை வென்றதும், அவற்றை மதப்போர் என்று மட்டும் கொள்ள முடியாது எனக் காட்டுகின்றன. சமுதாய மாற்றத்தின் தன்மையை 1429ஆம் ஆண்டு வலங்கை–இடங்கைக் கல்வெட்டுகள் தெளிவாக்குகின்றன.”

மனப்பாடம் செய்ய அல்ல. பார்த்து, உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள்.

ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கலாம்: இப்னு பதூதாவும் கங்காதேவியும் எதில் ஒத்துப்போகிறார்கள், ஏன் அது முக்கியம்? நெல் குத்திய பெண்கள் எழுதியிருந்தால் எந்தச் செய்தி மாறியிருக்கும்? துலுக்க நாச்சியார் கதையை வரலாற்றுச் சான்றாக எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்?

ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் கடற்பாலம் வெறிச்சோடிப் போனது. தரைவழி முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆகியது. நோய் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்தவருக்கும், சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காத அப்பாவுக்கும், தினச் சம்பளம் நின்றுபோன அம்மாவுக்கும் அது ஒன்றாகவா இருந்தது? யார்மேல் பழி போடலாம் என்று கைப்பேசியில் வந்த வதந்திகளையும் நாம் பார்த்தோம்.

அந்த மாணவனுக்கு நான் அன்றைக்கு உடனே பதில் சொல்லவில்லை. மூன்று நூல்களின் செய்தியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, “யார் யாரைக் கொன்னாங்க, யார் யாருக்காகப் பரிந்து பேசினாங்கன்னு நீயே பிரிச்சு எழுதிட்டு வா” என்றேன். அடுத்த வாரம் தாளைத் திருப்பிக் கொடுத்தான். ‘அவங்க’ என்று ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. எல்லாருக்கும் பெயர் போட்டிருந்தான். பெயர் தெரியாத இடத்தில் ‘நெல் குத்தியவர்கள்’ என்று எழுதியிருந்தான்.